முப்பது பக்கம் முன்னால் ஓர் ஏலக்காய்

ஞாயிற்றுக்கிழமை காலை போடியில் குரங்கணி பஸ்ஸில் தனியாக ஏறுகிறவன் மூன்று பேரில் ஒருவனாகத்தான் இருக்க முடியும் என்பது எங்கள் ஊர்க் கணிப்பு. மேலே தோட்டத்தில் சோலி இருக்கிறவன், யாரையோ காதலிக்கிறவன், கஞ்சாவுக்குப் போகிறவன். நான் நாலாவது ஆள். ஓடைக்கரைப் பாறையில் உட்கார்ந்து கதைப் புத்தகம் படிக்கப் போகிறவன். இப்படி ஒருவன் உலகத்தில் இருப்பான் என்று கண்டக்டர் நம்பவில்லை. டிக்கெட்டைக் கிழிக்கும்போதே என் துணிப்பையை ஒரு பார்வை பார்ப்பார். என் அம்மாவும் நம்பவில்லை.

“படிக்கிறதுக்கு எதுக்குடா மலை? வீட்ல லைட்டு எரியலையா?”

“ஓடைச் சத்தத்துல படிச்சா நல்லாருக்கும்மா.”

“அந்தப் பிள்ளை எந்த ஊரு?”

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கலா ரசிகன் என்பது எனக்கு நானே கொடுத்துக்கொண்ட பட்டம். செவ்வாய்க்கிழமை நூலகம், சனிக்கிழமை சாயங்காலம் சினிமா, சித்திரையில் ராசிங்காபுரம் பக்கம் எந்தக் கோயில் திருவிழாவில் நாடகம் போட்டாலும் முன்வரிசை. ராகம் எனக்குத் தெரியாது. ஆனால் தலையாட்டத் தெரியும். பக்கத்தில் இருக்கிற பெரியவர் ஆட்டி அரை நொடி கழித்து ஆட்ட வேண்டும், அவ்வளவுதான் வித்தை. நூலகத்தில் கனத்த புத்தகமாகப் பார்த்து எடுப்பேன். கையில் பிடித்துக் கடைவீதியில் நடந்தால் எதிரே வருகிறவனுக்குத் தெரிய வேண்டுமே. குரங்கணிப் பாறையில் ஆறு பக்கம் படிப்பேன். அப்புறம் புளியோதரை. அப்புறம் புத்தகத்தை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு, கடைசி பஸ்ஸுக்கு அரை மணி முன்பு வரை இலக்கியச் சிந்தனை. குறட்டை வரும் என்று சொல்கிறார்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு அப்படிச் சிந்தித்துக்கொண்டிருந்தபோது யாரோ புத்தகத்தை முகத்திலிருந்து தூக்கினார்கள். வனக்காவலர்.

“யாருப்பா நீ? தனியா இங்க என்ன சோலி?”

“படிக்கிறேண்ணே.”

“பரிச்சையா?”

“இல்லண்ணே, கதைப் புத்தகம்.”

அவர் முகத்தில் அதுவரை பாதியாக இருந்த சந்தேகம் முழுசாகிவிட்டது. பரீட்சை என்றால் விட்டிருப்பார். புத்தகத்தை மூக்குக்குக் கொண்டு போய் முகர்ந்தார். பிறகு அட்டை இரண்டையும் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு உதறினார். பொத்தென்று ஒன்று பாறையில் விழுந்தது. நாங்கள் இருவரும் குனிந்து பார்த்தோம். பச்சை கலையாத, நல்ல பருத்த ஏலக்காய்.

“எங்க வேலை பாக்குற?”

“போடியில, ஏலக்காய்க் கடையிலண்ணே.”

“ஓகோ. இப்பிடித்தான் காய் வெளிய வருதா?”

நான் வைக்கவில்லை என்றேன். அது உண்மை. அப்படியானால் யார் வைத்தது என்று அவர் கேட்டார். அது நியாயமான கேள்வி. காயை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, “வெரசா கீழ எறங்கு, மேல காட்டுமாடு நிக்கிது” என்று சொல்லிவிட்டு நடந்தார். எனக்குக் காட்டுமாடு பெரிதாகத் தெரியவில்லை. அந்தக் காய்தான் தெரிந்தது.

ஏன் என்றால், நான் வேலை பார்ப்பது தரம் பிரிக்கும் கடை. தோட்டத்திலிருந்து உலர்ந்து வருகிற காயைப் பெண்கள் மேசையில் கொட்டி வெடித்தது, வெளுத்தது, சொத்தை என்று பொறுக்கித் தள்ளுவார்கள். மிச்சத்தைச் சல்லடையில் ஏழு மில்லி, எட்டு மில்லி என்று பருமன்வாரியாகப் பிரித்து மூட்டை கட்டுவோம். மூட்டையின் மேல் தரத்தையும் போக வேண்டிய ஊரையும் பெயிண்டில் எழுதுவது நான். டில்லி வரை என் எழுத்து போகிறது. வட இந்தியாவில் எனக்கு நல்ல வாசகர் வட்டம் உண்டு என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்வேன்.

கடைக்கு ஒரே வாசல். காலையில் வந்ததும் பையையும் போனையும் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிற அக்காவிடம் கொடுத்துவிட வேண்டும். நாற்பது வயது இருக்கும். பின்னால் உள்ள மரத்தட்டில் அடுக்கி வைப்பார். சாயங்காலம் வெளியே போகிற ஒவ்வொருவரையும் சோதிப்பதும் அவர்தான். முந்தானையை உதறு, கொண்டையை அவிழ், சட்டைப் பையை வெளியே இழு, வாயைத் திற. பிடிபட்ட காய் அவர் காலடியில் உள்ள பிஸ்கட் டப்பாவில் விழும். பிடிபட்டவருக்கு மறுநாள் வேலை கிடையாது. ஒரே ஒரு காய் என்றாலும் அதுதான் சட்டம். இரண்டு மாதம் முன்பு ஒருத்தி கொண்டையில் நாலு காயோடு மாட்டி, அன்றோடு போனாள். அப்படிப் போனவர்களை அந்த வீதியில் வேறு எந்தக் கடையும் சேர்க்காது. அப்புறம் விடிகாலை ஜீப்பில் நசுங்கி மலைத் தோட்டத்துக்குப் போக வேண்டியதுதான். போடிமெட்டு வளைவுகளில் எனக்கு வாந்தி வரும். நூலகத்துக்குப் பின்தெருவில் வேலை, ஞாயிறு விடுமுறை, சனிக்கிழமை படம் தொடங்குவதற்குள் வீடு என்று நான் கட்டி வைத்த கலை வாழ்க்கை முழுதும் அந்த ஒரு காயோடு போய்விடும்.

திங்கட்கிழமை சாயங்காலம் பையை வாங்கியதும் பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் ஒதுங்கிப் புத்தகத்தைப் பிரித்தேன். நான் நின்றது நூற்றுப் பத்தாம் பக்கம். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் ஓர் ஏலக்காய் படுத்திருந்தது.

தடயத்தைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று எந்தத் துப்பறியும் கதையிலும் எழுதியிருக்கும். நான் பயத்தில் டீயில் போட்டுக் குடித்துவிட்டேன். மணம் அருமை. டீ மாஸ்டர்கூட, “எட்டு மில்லி காயா மாப்ளே? ஏது?” என்று கேட்டார். சிரித்து மழுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை இன்னொரு காய். நூற்று எழுபத்து ஒன்றாம் பக்கம். அதன் கூட ஒரு நிலக்கடலைத் தோல்.

கடலைத் தோலைக் கண்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் கடையில் எடை போடுகிற அண்ணன் எந்நேரமும் கடலை தின்பார். பீடி பிடிக்க அடிக்கடி வாசலுக்குப் போவார். என்னைக் கண்டால் “ஏ புலவரே” என்பார். அவருக்கு ஒரு மச்சினன் வேலையில்லாமல் இருந்தான், அவன் கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும் என்று அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். மூட்டையில் எழுதுகிற என் நாற்காலிக்குக் குறி. (நாற்காலி கிடையாது. நின்றுகொண்டுதான் எழுதுவேன்.) தினம் ஒரு காயை வைத்து, என்றைக்காவது பையைச் சோதிக்கும்போது மாட்டிவிடப் பார்க்கிறார். பக்கத்தை மாற்றி மாற்றி வைப்பது நான் கண்டுபிடிக்கக் கூடாது என்று. எவ்வளவு தந்திரம்! அதற்குப் பதில் என் தந்திரம்: அவர் கடலை நீட்டினால் இனிமேல் வாங்குவதில்லை.

“என்ன மாப்ளே, வயிறு சரியில்லையா?”

“வயிறெல்லாம் சரியாத்தாண்ணே இருக்கு. மனுசங்கதான் சரியில்ல.”

அவர் தராசைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “நீ ரொம்பப் படிக்கிற” என்றார். அதையே நான் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை புத்தகத்தைச் சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிக் கொண்டுபோனேன். சாயங்காலம் கயிறு என் முடிச்சைவிட நேர்த்தியான முடிச்சோடு திரும்பி வந்தது. உள்ளே இருநூற்று இரண்டாம் பக்கத்தில் காய். அதற்கும் ஒரு டீ. வியாழக்கிழமை புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, யார் முகம் கறுக்கிறது என்று நாள் முழுதும் நோட்டம் விட்டேன். எடைக்கார அண்ணன் பாட்டு முணுமுணுத்தபடி இருந்தார். கைதேர்ந்த ஆள். சாயங்காலம் வாசலில்தான் எனக்கு வினை வந்தது. அக்கா அன்றைக்கு என்னைச் சோதித்ததுபோல் யாரையும் சோதித்ததில்லை. சட்டைப் பை, கால்சட்டை மடிப்பு, தலைத்துண்டு, காதுக்குப் பின்னால்கூடப் பார்த்தார்.

“பை எங்க?” என்றார்.

“இன்னைக்குக் கொண்டாரலக்கா.”

“ஏன் கொண்டாரல?”

“சும்மாத்தாக்கா.”

“சும்மான்னா? கொண்டாந்து பழக்கிப்புட்டு நடுவுல நிறுத்துனா என்ன அர்த்தம்?”

எடைக்காரர் அக்காவிடமும் ஏதோ ஓதிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். புத்தகம் இல்லாமல் போனால்தான் சந்தேகம் கூடுகிறது என்று வெள்ளிக்கிழமை திரும்பவும் எடுத்துக்கொண்டு போனேன். இருநூற்று முப்பத்து ஐந்தில் காய். நான் நூற்று முப்பத்து ஒன்று. இதில் எனக்கு மனசுக்குள் உறுத்திய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு நாளைக்கு நாலைந்து பக்கம்தான் நகர்ந்தேன். காய் முப்பது பக்கம் நகர்ந்தது. கலா ரசிகனை ஓர் ஏலக்காய் முந்திக்கொண்டு போவதைப் பார்க்க எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை வந்தது. வேலை முடிந்து வாசலுக்கு வந்தால் வரிசை நகரவில்லை. அக்கா பக்கத்தில் மொதலாளி நின்றார். அவர் வாசலுக்கு வருவது அபூர்வம்.

“இன்னைக்குப் பையவும் பாரும்மா. எங்கிட்ட ஒருத்தர் சொன்னாரு, நம்ம கடைக் காயி பஸ் ஸ்டாண்டு டீயில மணக்குதாம்.”

அன்றைய காய் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ, இருப்பது மட்டும் உறுதி. பைகள் ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து இறங்கின. தண்ணீர் பாட்டில், குடை, வெற்றிலைப் பொட்டலம். என் பையை அக்கா எடுத்தார். கையை விட்டுத் துழாவி, “ஒண்ணுமில்ல, புத்தகம்தான்” என்று சொல்லித் திரும்ப என்னிடம் நீட்டினார். நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டு போயிருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆனால் எனக்குப் பின்னால் எடைக்கார அண்ணன் செருமினார். சாட்சி சொல்லத் தொண்டையைச் சரிசெய்கிறார் என்று தோன்றிவிட்டது.

“மொதலாளி! அந்தப் புத்தகத்துக்குள்ள காய் இருந்தா அது நான் வச்சதில்ல! இவரு வச்சது!”

வரிசை மொத்தமும் திரும்பியது. எடைக்கார அண்ணனின் வாயில் பாதி மென்ற கடலை தெரிந்தது.

“நானா? அடப் பாவி மாப்ளே! நான் சினிமா நோட்டீசு தவிர வேற எதையும் தொட்டதில்லையேடா!”

மொதலாளி பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். பிரித்தார். காய் இருந்தது. அதை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். மறுகையில் புத்தகம் மெல்ல மூடிக்கொள்ளப் போனது.

“அய்யோ மொதலாளி, பக்கத்த விட்றாதீக!”

சொன்னது அக்கா. சொன்ன பிறகுதான் சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மொதலாளியின் கையில் புத்தகம் மூடிக்கொண்டது.

“என்னம்மா சொன்ன?”

“எரநூத்தி அறுவத்தெட்டு” என்றார் அக்கா, சின்னக் குரலில். “அங்கதான் நிறுத்தியிருந்தேன்.”

“நீயா வச்ச?”

“அடையாளத்துக்கு வச்சேன். பொழுதெல்லாம் இந்த ஸ்டூல்ல சும்மாதான ஒக்காந்திருக்கேன். போனை மக எடுத்துட்டுப் போயிருவா. இவன் பையில புத்தகம் தலைய நீட்டிக்கிட்டு கெடந்துச்சு.”

“காகிதத்தக் கிழிச்சு வைக்க வேண்டியதுதான?”

“காகிதம் காத்துல பறந்துருதுங்க. காயின்னா வச்ச எடத்துல கெடக்கும். டப்பாவுல இருந்து ஒண்ணு எடுத்து வப்பேன், சாயங்காலம் திரும்ப டப்பாவுலயே போட்டுரணும்னுதான் நெனப்பேன். கூட்டத்துல மறந்துபோயிருது.” இவ்வளவு நேரம் தலை குனிந்திருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். “ஆனா மறுநாள் பாத்தா காயி இருக்காது. தெனமும் பக்கத்தத் தேடியே எனக்குப் பாதிப் பொழுது போகுது. அந்தக் காயெல்லாம் எங்க போச்சுன்னு இவனக் கேளுங்க!”

வரிசை இப்போது என் பக்கம் திரும்பியது. அதுவரை எனக்கு அது உறைக்கவேயில்லை. ஒரு வாரமாகக் கடைக் காயை வெளியே கொண்டுபோனது நான். அதையும் நானே ஊர் நடுவில் உட்கார்ந்து மணக்க மணக்கக் குடித்திருக்கிறேன்.

“டீயில போட்டுக் குடிச்சிட்டேங்க” என்றேன். “ஒண்ண மட்டும் வனக்காவலர் தின்னாரு.”

ஒருத்தி சிரித்தாள். மொதலாளி திரும்பிப் பார்த்ததும் நிறுத்தினாள். அவர் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குச் சந்தேகம் இன்னும் போகவில்லை. போகாது, முப்பது வருட வியாபாரி. இரண்டு பேரும் கூட்டாகக் காய் கடத்திவிட்டுக் கதை விடுகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார். அக்காவிடம் கேட்டார்:

“எரநூத்தி அறுவது பக்கம் படிச்சேங்கிற. கதையச் சொல்லு பாப்போம்.”

அக்கா சொன்னார். அதுவரை அவர் வாயிலிருந்து உதறு, அவிழ், திற என்ற மூன்று சொல்லுக்கு மேல் நாங்கள் கேட்டதில்லை. அரிசி மில் வைத்திருக்கிற குடும்பம், அண்ணன் தம்பி மூன்று பேர், கடைசியாக ஒரு தங்கச்சி. அந்தப் பிள்ளைக்குப் பட்டணத்தில் வேலை கிடைத்துக் கடிதம் வருகிறது. பெரிய அண்ணன் அதை மறைத்துவிடுகிறான். அவள் தினமும் தபால்காரனுக்காக நிற்கிறாள். கொண்டையை அவிழ்த்த பெண்கள் அதை முடியாமலே நின்று கேட்டார்கள். எடைக்கார அண்ணன் மெல்லுவதை நிறுத்தியிருந்தார்.

“எங்க மறச்சான்?” என்றார் மொதலாளி.

“மில்லுல ஒரு பழைய தவிட்டு மூட்டை. அதுக்கு அடியில. அப்ப அந்தச் சின்ன அண்ணன் என்ன பண்றான்...”

“அக்கா போதும்! சொல்லாதீங்க!” என்று கத்தினேன். “நான் இன்னும் அங்க வரல!”

மொதலாளி மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“புத்தகம் யாரோடது?”

“நூலகத்துல நான் எடுத்ததுங்க.”

“எத்தன நாளாச்சு?”

“மூணு வாரம்.”

“எத்தனாவது பக்கம்?”

“நூத்தி... முப்பத்தி நாலு.”

அதற்குப் பிறகு யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்காவும் சிரித்தார். மொதலாளி மட்டும் சிரிக்கவில்லை. காயை டப்பாவில் போட்டார்.

“அந்தம்மா படிக்கிறது நெசம். அது தெரிஞ்சு போச்சு. இனிமே காய வைக்காத, தீக்குச்சிய வையி. நீ...” என்று என்னைப் பார்த்தார். “நீ படிக்கிறது நெசமான்னு எனக்கு இன்னும் தெரியல. படிக்காதவன் தெனமும் இவ்வளவு பெரிய புத்தகத்த எதுக்குச் சொமக்கணும்? உள்ள எதையாச்சும் வச்சு எடுத்துட்டுப் போகத்தான். திங்கக்கெழம வா. வாசல்ல இந்தம்மா கேள்வி கேக்கும். பதில் சொன்னா உள்ள போ. சொல்லலைன்னா அப்பிடியே வீட்டப் பாத்துப் போ.”

அன்றைக்குச் சினிமாவுக்கு எடைக்கார அண்ணனோடுதான் போனேன். ஊர் முன்னால் திருடன் என்றதற்கு அபராதம், படத்தை அவர் தேர்ந்தெடுப்பார். நான் மூக்கைச் சுளிக்கிற வகைப் படம். இடைவேளையில் அவர் கேட்டார், “என்னைய எதுக்குடா சந்தேகப்பட்ட?” கடலைத் தோலைச் சொன்னேன். “வாசல் வழியா போகயில அந்தக்காவுக்கும் ஒரு கை குடுப்பேன். நீயும்தான் போன வாரம் வரைக்கும் தின்ன” என்றார். படத்தில் என்னைவிட அவர் குறைவாகத்தான் சிரித்தார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஞாயிறு குரங்கணிக்குப் போகவில்லை. வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். காலையில் ஜீப்பு வளைவுகள் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தன. அந்தப் பயத்தில் ஐம்பது பக்கம் போனது. மத்தியானத்துக்கு மேல் ஜீப்பு மறந்துபோய்விட்டது. அந்தத் தங்கச்சி தபால்காரனிடம் ஒரு வார்த்தை கேட்கிற இடத்தில் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. அம்மா இரண்டு தடவை வந்து கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுப் போனார். இருட்டும்போது முன்னூற்றுப் பத்து. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நாளில் நூற்று எழுபத்து ஆறு பக்கம். யாரும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை வாசலில் அக்கா என்னை ஓரமாக நிறுத்தினார். மற்றவர்கள் உள்ளே போகாமல் சுற்றி நின்றார்கள்.

“ம், சொல்லு. அந்தத் தங்கச்சி வளத்த கிளி என்னாச்சு?”

கிளியா? மில் இருந்தது, தவிடு இருந்தது, மாட்டு வண்டி இருந்தது. கிளி எங்கே வந்தது? இடையில் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு புரண்டுவிட்டதா? செத்துப்போச்சு என்று சொல்லலாமா? கதைகளில் கிளி பெரும்பாலும் சாகத்தான் செய்யும். அக்கா கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா,” என்றேன், “அந்த வீட்ல கிளியே கெடையாதேக்கா.”

அக்கா குரலைத் தாழ்த்தி, “நெசமாவே படிச்சிட்டியா? எதுவரைக்கும்?” என்றார்.

“முன்னூத்திப் பத்து.”

அவர் முகம் மாறியது. நான் இப்போது அவரைவிட நாற்பது பக்கம் முன்னால் நிற்கிறேன் என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. என் கையிலிருந்து பையை வெடுக்கென்று பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“உள்ள போ. ஆனா ஒண்ணு. அந்தக் கடுதாசி அவ கையில கெடச்சுச்சா கெடைக்கலையான்னு சாயங்காலத்துக்குள்ள ஒன் வாயில இருந்து ஒரு வார்த்த வந்துச்சுன்னா, நாளைக்கு ஒன் சட்டப்பையில நானே காய வச்சு நானே புடிப்பேன்.”

அவர் சொன்னால் செய்வார். உள்ளே போய், வாயை மூடிக்கொண்டு மூட்டையில் எழுத ஆரம்பித்தேன்.